தெருவிளக்குகளை அணைத்த தலை

உலகத்தார் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இந்தத் தெருவின் குடியிருப்போர் சங்கத் தலைவர் மாலையில் வீதியில் இறங்கினால், இருட்டியதும் தானே எரியும் தெருவிளக்குகள் விடிந்துவிட்டதென்று எண்ணி அணைந்துவிடும்.

காரணம் அவருடைய மேன்மை அல்ல, பாதியில் எழுந்ததுதான். சங்கச் சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு வெள்ளி முடி வேண்டுமென்று பார்லர் அக்காவிடம் போனார். அக்கா ப்ளீச் போட்டுக் கருமையை உருவினாள். கறுப்பு போகும்போது மஞ்சளை விட்டுவிட்டுத்தான் போகும், வாடகை வீட்டைக் காலி செய்பவன் சுவரில் ஆணியை விட்டுப் போவதுபோல. அந்த மஞ்சளை அடக்கத்தான் ஊதா டோனர் என்னும் சாயப்பூச்சு. கிண்ணத்தில் கத்தரிக்காய் நிறத்தைப் பார்த்ததும் தலைவர் எழுந்துவிட்டார்.

"என்னம்மா, என்னைக் கோமாளி ஆக்கப் பாக்குறியா?"

மஞ்சள் தலை சூரியனாய் ஒளிர, துண்டோடு வெளியே நடந்தார். வாசல் தொட்டியிலிருந்த சூரியகாந்திகள் அவர் பக்கம் திரும்பின. அன்று முதல் சேவல்கள் அவர் ஜன்னலைப் பார்த்துக் கூவின. அவர் நின்று பேசிய இடத்தில் ஈரத்துணி காய்ந்தது. பேச்சு நீளமாதலால் நன்றாகவே காய்ந்தது. தலைவர் தம்மைப் பொதுச்சொத்து என்று அறிவித்துக்கொண்டார். தெரு அக்காவைக் கொண்டாடியது. அவளையோ அவமானம் பிடுங்கித் தின்றது: தான் முடிக்காத வேலை ஊர்வலம் போகிறதே!

தூக்கம் போனது தலைவரின் மனைவிக்கு. கறுப்புக் கண்ணாடி போட்டுப் படுத்துப் பார்த்தாள். ஒரு மாலை ஒரு கையில் பெட்டி, மறுகையில் புருஷன் என்று பார்லருக்கு வந்தாள்.

"இன்னிக்கு இத அணைக்கலேன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அப்புறம் நீங்க தனியா பிரகாசிங்க."

"பொறாமை! இது ஞான ஒளி" என்றார் அவர்.

"ஒளியெல்லாம் இல்லண்ணே, வெறும் மஞ்சக் கறை" என்றாள் அக்கா. "உக்காருங்க."

மனைவி பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றாள். அவர் உட்கார்ந்தார்.

அக்காவின் கையை அன்று பார்த்திருக்க வேண்டும். ஈர முடியைப் பகுத்துப் பகுத்து, வேரிலிருந்து நுனிவரை பிரஷ் ஓடியது. கடிகாரத்தை அவள் நம்பவில்லை. ஒரு கற்றையைத் துடைத்துத் துடைத்து நிறம் பார்த்தாள். கொஞ்சம் முந்தினால் பித்தளை, கொஞ்சம் பிந்தினால் கத்தரிக்காய். திடீரென்று தலையைத் தொட்டியில் சாய்த்து அலசினாள். வெளியே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. தலை வெள்ளியாக இருந்தது. மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள்.

டோனர் நாளாவட்டத்தில் மங்கும். இப்போதும் அவ்வப்போது விளக்குகள் அணைகின்றன. யாரும் கரண்ட் ஆபீசுக்குப் போன் போடுவதில்லை, பார்லருக்குத்தான் போடுகிறார்கள்.