ஆப்புக் குழியின் வயது

பூமிக்கு வயது ஆறாயிரம் வருஷம்தான் என்று ஒரு துண்டுப்பிரசுரம் செங்கல்பட்டுக்கு வந்ததிலிருந்து பூகோள வாத்தியார் ஞானசிகாமணிக்கு நிம்மதி போயிற்று. வகுப்பில் பல கோடி வருஷம் என்று சொன்னவர் அவர். மிஷன் பள்ளிக் கமிட்டி விளக்கம் கேட்டது. பதில் சரிப்படாவிட்டால் வேலை போய்விடும். பாறையிலுள்ள யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கை வைத்து எட்டுப் பக்கம் எழுதினார். கமிட்டியில் இருந்த போதகர் படித்துவிட்டு, "ஈயத்துக்கு யாரய்யா சாட்சி?" என்று திருப்பிக் கொடுத்தார்.

அதனால்தான் போதகரை மாமல்லபுரத்துக்கே அழைத்து வந்தார். குன்றைச் சுற்றிக் காட்டியும் அவர் அசையவில்லை. அங்கே அம்மி கொத்திக்கொண்டிருந்த சலோமி அவர்கள் சபைக்காரிதான். இருவர் வாதத்தையும் கேட்டு, உளியைக் கீழே வைத்துப் போதகரைக் கூப்பிட்டாள்.

"இங்க வெரல வுட்டுப் பாருங்க ஐயரே. பாறைய பொளக்க ராசா காலத்து ஆளுங்க வெட்டுன ஆப்புக் குழி. எத்தினி வருசம் இருக்கும் சார்?"

"ஆயிரத்து முந்நூறு."

"ஓரம் இன்னும் வெரல அறுக்குது. ஒங்க ஆறாயிரம் இத்தப் போல நாலஞ்சு பங்குதான். அதுக்குள்ள மழயும் காத்தும் தோ பக்கத்துல நிக்கிற இம்மாம் பெரிய பாறைய முட்ட கணக்கா தேச்சிடுமா?"

"பிரளயம் உருட்டியிருக்கலாமே?"

"உருண்ட கல்லு தனியா கெடக்கும். இது அடிப்பாறையோட ஒட்டிக்கினு கீது, குனிஞ்சி பாருங்க."

போதகர் குனிந்தார். பாறை ஒட்டியிருந்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதையும் எழுதும். கமிட்டியில் நானே வாசிக்கிறேன்" என்றார்.

இருபது வருஷமாக மாணவர்களை இங்கே கூட்டிவந்து அந்தக் குழிகளைத் தாண்டி நடந்திருக்கிறார் ஞானசிகாமணி. ஒருநாளும் விரல் வைத்ததில்லை. எட்டுப் பக்கங்களுக்கு முன்னால் புதுத் தாள் ஒன்றை வைத்து எழுதினார்: முதல் சாட்சி, சலோமி அம்மாள், கல் வேலை.