சிவப்புக் காருக்கு ஒரு தலையாட்டல்

சிவபாலனுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. விடிந்தால் யோகா யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னியில் வந்து இறங்குவாள். கலியாணம் முடித்த கையோடு விட்டுவிட்டு வந்த பெண்சாதி. அதற்குப் பிறகு எல்லாம் கடிதக் குடித்தனம்தான். 'உம்மை எங்கட சொந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரிலைதான் வீட்டை கூட்டிக்கொண்டு போவன்' என்று அளந்துவிட்டான். எழுதும்போது சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை. ஆசைக்கு வெட்கம் ஏது!

கார் என்னவோ கிடைத்துவிட்டது. பரமட்டா வீதியில், பழைய கார் விற்கும் ஒரு கடையில், இரண்டே சீட் வைத்த சிவப்பு எம்.ஜி. அதன் பானட்டில் ஏற்கெனவே ஒரு நீளமுடிக்காரன் சாய்ந்து நின்றான். "இவர் வேண்டாம் என்றால் உனக்கு" என்று கடைக்காரன் அவனிடம் சொன்னதைக் கேட்டதும் சிவபாலன் ஓடிப்போய்க் காரின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

துணைக்கு வந்திருந்தவன் அவனோடு வேலை செய்யும் சடகோபன், கும்பகோணத்துக்காரன். "அவசரத்தைக் காட்டிக்காதீங்க சிவபாலன்" என்று காதைக் கடித்தான்.

காட்டாமல் இருக்க முடிகிறதா? முழங்கால் வரை வெள்ளைச் சாக்ஸ் இழுத்துவிட்ட கடைக்காரன், கார் விலையைச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினான். பேப்பர் வேலைக்கு ஒரு ஃபீஸ். கடை ஃபீஸ் தனி. காரைக் கழுவி மினுக்கியதற்கு இன்னொன்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! கட்டில் வாங்க வைத்திருந்த காசையும் கொடுத்துவிடச் சிவபாலன் தயார். ஆனால் பதற்றத்தில் படித்த இங்கிலீஷ் எல்லாம் பறந்துவிட்டது. வாயில் வந்தது ஊர்ப் பேச்சுதான்.

"ஓம்... ஓம்..." என்று ஆமாம் போட்டான்.

கடைக்காரன் காதில் அது 'உம்... உம்...' என்று விழுந்தது. அந்த ஊரில் அப்படி இழுத்தால் யோசிக்கிறான் என்று பொருள். "சரி, கழுவின காசு வேண்டாம்" என்றான். சிவபாலன் திகைத்து, "ஓம்" என்றான். கடை ஃபீஸும் போயிற்று. சடகோபனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டு, காரின் கதவுப் பூட்டைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அட பாவி, அந்த நேரம் பார்த்தா திரும்புவது!

கடைக்காரன் பொறுமை இழந்து மேசையைத் தட்டினான். "ஒரு ஃபீஸும் வேண்டாம். வெறும் கார் விலை. கடைசிப் பேச்சு. எடுக்கிறாயா?"

சிவபாலனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 'ஓம்' கூட வரவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, நம் ஆட்கள் சந்தோஷத்தில் ஆட்டுவார்களே, அப்படி இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாகத் தலையை ஆட்டினான்.

"வேண்டாமா? உன் இஷ்டம்" என்று எழுந்துபோன கடைக்காரன், சாவியை நீளமுடிக்காரன் கையில் போட்டான்.

"யெஸ்! யெஸ்!" என்று சிவபாலன் ஓடினான். அவ்வளவு நேரமும் வராத சொல் இப்போது வந்து என்ன பயன்? கார் உறுமிக்கொண்டு வீதியில் ஏறிவிட்டது.

"என்னங்க, வேண்டாம்னுட்டீங்களா?" என்று சடகோபன் பதறினான்.

"விசரே உமக்கு? நான் ஓம் எண்டுதானே தலையாட்டினனான்!" சிவபாலனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் விமான நிலையத்தில் யோகா பெட்டியும் கையுமாக வந்தாள். அவன் நினைத்ததைவிட மெலிந்திருந்தாள். சுகம் விசாரிக்கக்கூடப் பொறுக்காமல், "கார் வெளியிலையோ நிக்குது?" என்று கேட்டாள்.

இரவு முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதிலை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. தலையை மட்டும் எப்படியோ அசைத்தான்.

யோகாவின் முகம் மலர்ந்தது. பெட்டியை அவனிடம் தள்ளிவிட்டு, சிவப்புக் காரைத் தேடி வாசலுக்கு ஓடினாள்.