கீழே வராத பந்து

ரோஸி டீச்சர் சுங்குவார்சத்திரம் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு டீச்சராக வந்து சேர்ந்த வருஷமே, வல்லக்கோட்டைக்கும் படப்பைக்கும் ஆடிக் கிருத்திகையில் நடக்கிற வாலிபால் மேட்ச்சுக்கு ரெஃப்ரியாக நிற்கச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். முன்னே நின்ற ரெஃப்ரி ஏன் கழன்றுகொண்டார் என்று விசாரித்தபோதுதான் பந்து விஷயம் வெளியே வந்தது.

எழுபத்தொன்றாம் வருஷம் வல்லக்கோட்டை எல்லப்பன் போட்ட சர்வீஸ் மேலே போனது. கீழே வரவில்லை. ஊரே அண்ணாந்து பார்த்தது. கழுத்து வலித்தவர்கள் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். பொழுது சாய்ந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் ஆட்டம் தொடங்கும்போதே வல்லக்கோட்டைக்கு ஒரு பாயிண்ட் உண்டு. பந்து இன்னும் விழவில்லை, ஆகவே அதைப் படப்பை திருப்பி அடிக்கவும் இல்லை என்பது அவர்கள் கட்சி. படப்பைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் பந்து எங்கே என்று கேட்டால் அவர்களுக்கும் பதில் தெரியாது.

ரோஸிக்கு இது ஜீரணமாகவில்லை. சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்லக்கோட்டைக்குப் போனாள்.

கோயிலுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த தணிகாசலம், பந்து மேகத்துக்குள் நுழைந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார்.

"அன்னிக்கு மேகம் இருந்துதா?"

"அதுக்காகவே ஒண்ணு வந்துச்சு டீச்சர்."

பூக்கடை பாஞ்சாலி அதை ஒத்துக்கொள்ளவில்லை. கருடன் கவ்விக்கொண்டு மேற்கே போனதாம். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், பந்து ஏரோப்ளேன் இறக்கையில் சிக்கி மீனம்பாக்கத்தில் இறங்கியதாகவும், அங்கே அதைத் தனியாக வைத்திருப்பதாகவும் சொன்னார். யார் பார்த்தது என்று ரோஸி கேட்டாள். அவருடைய மச்சானுக்குத் தெரிந்தவராம்.

அதற்குள் எல்லப்பனே வந்துவிட்டான். ரைஸ் மில்லில் வேலை. மூட்டையோடு மூட்டையாக அவனுக்கும் தொப்பை வைத்திருந்தது. அந்த மேட்ச்சுக்கு அப்புறம் அவனை யாரும் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. "ஊருக்கு இருக்கறது ஒரு பந்து. இவன் அதையும் அனுப்பி வச்சிடுவான்" என்று பயம். ஆட்டம் நடக்கும்போது ஓரமாக நாற்காலி போட்டு மாலை மரியாதையோடு உட்கார வைப்பார்கள்.

"எப்படி அடிச்சீங்க, செஞ்சு காட்டுங்க" என்றாள் ரோஸி.

எல்லப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். இடது கையால் இல்லாத பந்தைத் தூக்கிப் போட்டான். வலது கையைக் காற்றாடி மாதிரி ஒரு சுற்று சுற்றி வீசிவிட்டு, கண்கள் விரிய வானத்தைப் பார்த்தான். ரோஸியும் பார்த்தாள். தணிகாசலமும் அண்ணாந்து பார்த்ததில், ஊற்றிய டீ கிளாஸில் விழாமல் மச்சான் கதை சொன்னவர் காலில் கொட்டியது. பந்தே இல்லை என்பது ரோஸிக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

அவள் மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்குப் பந்து கையில பட்டுதா?"

"இன்னா டீச்சர் இப்டி கேக்கறீங்க. பட்டிருக்கும்."

"வலிச்சுதா?"

எல்லப்பன் யோசித்தான். "வலிக்கல. அதான் அவ்ளோ சுத்தமான அடின்னு நெனச்சுக்கினேன்."

ரோஸி மேற்கொண்டு வானத்தைப் பற்றி யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கு எல்லப்பனுக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டாள். வேர்க்கடலை விற்கிற கிளியம்மாள் என்றார்கள்.

கிளியம்மாள் வீட்டில் தண்ணீர்ப் பானை ஒன்று தரையில் ஆடாமல் உட்கார்ந்திருந்தது. அடியில், பானை உருளாமல் இருக்க வைக்கிற வைக்கோல் பிரிமனைக்குப் பதிலாக, காற்று போய்ச் சப்பையான தோல் பந்து.

"இது ஏதுங்க?"

"எல்லப்பன் பந்துதான்" என்றாள் கிளியம்மாள், கடலையைப் புடைத்துக்கொண்டே. "அவன் தூக்கிப் போட்டான், அது பின்னாடி விழுந்து என்னாண்ட உருண்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடியே அந்தப் பந்து என் கடலையக் கொட்டி வுட்டுது. ஒருத்தனும் இன்னான்னு கேக்கல. அந்தக் கோவத்துல கூடைய எடுத்து அது மேல கவுத்துட்டேன். எவனாச்சும் கீழ பாத்துக் கேட்டா குடுக்கலாம்னுதான் இருந்தேன். எல்லாம் மேலயே பாத்துகினு இருந்தா நான் இன்னா செய்யறது?"

மேட்ச் அன்றைக்கு ரோஸி சப்பைப் பந்தை மைதானத்தின் நடுவே வைத்து நடந்ததைச் சொன்னாள். வல்லக்கோட்டைக்காரர்கள் குனிந்து பந்தைப் பார்த்தார்கள். படப்பைக்காரர்கள் குதிப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அவர்கள் கேப்டன் சுப்பராயனுக்கோ முகமே செத்துவிட்டது.

"ஆகாசத்துக்குப் போன பந்துக்குப் பாயிண்ட் குடுத்தோம்னா அது கௌரவம் டீச்சர். கடலைக்கூடைக்குள்ள போன பந்துக்கா இத்தினி வருசம் குடுத்தோம்? வூட்ல கேட்டா இன்னான்னு சொல்றது?"

இது வேறே பந்து என்று தணிகாசலம் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார். சுப்பராயன் அதை ஆவலோடு ஆமோதித்தார். இரண்டு ஊரும் ஒற்றுமையானது அன்றைக்குத்தான்.

ரோஸி விசிலை ஊதினாள். "தூக்கிப் போட்ட பந்து கையில படாம விழுந்தா அது சர்வீஸே இல்லை. பாயிண்ட் யாருக்கும் கிடையாது. மறுபடி போடணும். எல்லப்பன், வாங்க."

எல்லப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தான். மாலையைக் கழற்றிக் கிளியம்மாள் கையில் கொடுத்துவிட்டு, "அக்கா, அன்னிக்குக் கடலை கொட்டுனதுக்கு மன்னிச்சுக்க" என்றான். பந்தைத் தூக்கிப் போட்டான். இந்தத் தடவை கை பட்டது. பந்து நேராகப் போய் முன்னால் நின்ற தன் கட்சிக்காரன் பின்மண்டையில் மோதி விழுந்தது. சர்வீஸ் படப்பைக்குப் போயிற்று.

வல்லக்கோட்டை அன்றைக்கு மோசமாகத் தோற்றது. எல்லப்பன் அடித்ததில் ஒன்று வலையில், ஒன்று வேப்ப மரத்தில், ஒன்று ரெஃப்ரியின் ஸ்டூலில். ஒவ்வொரு தடவையும் தொப்பை குலுங்க அவனே ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்தான். ஆட்டம் முடிந்தும் பந்தைக் கையிலிருந்து விடவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு ரோஸியிடம் வந்து, "நாளைக்கும் வரீங்களா டீச்சர்? ஆடறதுக்கு நாலு பேரச் சேத்து வைக்கிறேன்" என்று கேட்டான்.