எர்த் இல்லாத சீட்

வேல்விழி பேசினால் எதிர்முனையில் உறுமல் கேட்டது. தென்காசியில் ஒரு மாடி அலுவலகம் அது. இருபது பேர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இன்டர்நெட் போனில் வரும் வாஷிங் மெஷின் புகார்களைக் கேட்டுப் பதிவு செய்வார்கள். மற்றவர்களுக்கு இல்லாத இரைச்சல் அவளுக்கு மட்டும் இருந்தது.

"என்னம்மா, மாவு மில்லுல இருந்தா பேசுதே?" என்று அம்பாசமுத்திரத்துப் பெரியவர் ஒருவர் கேட்டே விட்டார். இப்படி யாராவது குறை சொன்னால் அவளுக்கு மதிப்பெண் குறையும்.

"அது நீ மூச்சு விடுத சத்தம். மைக்கை வாய்க்குள்ள வச்சா பேசுவாங்க?" என்றார் மேனேஜர் குத்தாலிங்கம்.

மூன்று வாரம் அவள் மூச்சை அடக்கி அடக்கிப் பேசிப் பார்த்தாள். பிறகு ஒரு மதியம், பக்கத்து சீட் மாஜிதாவின் ஹெட்செட்டை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, பேசுவது தன் காதிலேயே திரும்பிக் கேட்கும்படி வைத்துப் பேசினாள். அதுவும் உறுமியது. தன்னுடையதை மாஜிதாவின் இடத்தில் மாட்டி அதேபோல் பேசிப் பார்த்தாள். குரல் சுத்தமாகக் கேட்டது. திரும்பி வந்து தன் இடத்தில் மறுபடி பேசிப் பார்த்தபோது கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியில் கை பட்டது. விரலில் எறும்பு கடித்ததுபோல் ஒரு சுரீர், உறுமல் நின்றுவிட்டது. கையை எடுத்தாள், மறுபடி கேட்டது.

அவள் போய்ச் சொன்னதும் மேனேஜர் வரவழைத்த எலெக்ட்ரீஷியன் சுடலைமணி பிளக் பாயிண்ட்டைக் கழற்றினார். "இதுக்கு எர்த் வயரே இழுக்கலையே சார். கசியுற கரண்ட் மண்ணுக்குள்ள போக வழியில்ல, அதான் இரையுது. வயர் இழுக்கச் செவத்தைக் கொத்தணும்."

"பில்டிங் ஓனர் சம்மதிக்க மாட்டாரு" என்ற குத்தாலிங்கம், சுடலைமணி போனதும் வேல்விழியைக் கூப்பிட்டார். "நீ சன்னல் பக்கத்து சீட்டுக்குப் போயிரும்மா. இதை யார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத."

சரி என்று தலையாட்டினாள். போன மதிப்பெண் போனதுதான். ஆனாலும் புது இடத்தில் இரண்டே மாதத்தில் முதலாவதாக வந்தாள்.

பழைய சீட்டில் வடகரையிலிருந்து வந்த எப்சிபாவை உட்கார வைத்தார்கள். மூன்று மாதத் தற்காலிக வேலை, மதிப்பெண் நன்றாக இருந்தால் நிரந்தரம். நாலாம் நாளே அவள் வந்து நின்றாள். "எனக்கு மட்டும் ஏன்க்கா இரையுதுன்னு சொல்லுதாங்க?"

கண்ணாடி அறைக்குள்ளிருந்து குத்தாலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழகினா சரியாப் போயிரும். மெதுவாப் பேசு" என்றாள் வேல்விழி.

அந்தப் பிள்ளை அதை அப்படியே நம்பியது. மெதுவாகப் பேசப் பேச, காதில் விழவில்லை என்று வேறு புகார் வந்தது. மூன்று மாதம் முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். எப்சிபா சாப்பாட்டுப் பையோடு வந்து, "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன்க்கா. எனக்குத்தான் வரல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வேல்விழியால் உட்கார முடியவில்லை. பின்னாலேயே ஓடினாள். தெருவில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. நனைந்தபடி நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ என் மேல தப்பு இல்லையா?"

"இல்லட்டி."

"அத இப்போ வந்து சொல்லுதீங்க." எப்சிபா குரலை உயர்த்தவில்லை. வடகரை பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வேல்விழி மாடியேறினாள். சொல்லாமல் எழுந்து போனதற்காக அன்றைய மதிப்பெண்ணில் ஐந்து குறைத்திருந்தார்கள். அவள் ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.