கைக்கு எட்டும் உயரம்

டிரில்லின் முனை மறுபடியும் சறுக்கி, பென்சிலில் போட்டிருந்த புள்ளியை விட்டு விலகிப்போனது. ஏணியில் நின்றபடியே அவன் சுவரைத் திட்டினான்.

கார் வெளியே தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஷெட்டில் இனி அதற்கு இடமில்லை. சாயங்காலத்துக்குள் மாடியிலிருந்து அப்பாவை இறக்கி, இங்கே கட்டில் போட்டுப் படுக்கவைக்க வேண்டும். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாடியில் விட்டத்தைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு அலுத்துவிட்டது. கீழே ஷட்டரைத் தூக்கிவிட்டால் போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டாவது கிடப்பேனே என்றார். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். "கடைசி ட்ரிப் முடிஞ்சா வண்டி ஷெட்டுக்குத்தானே போகணும்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்ததற்கு வெகுநேரம் இருமினார்.

ஷெட்டில் இருந்தது ஒரே ஒரு பல்பு. ஃபேன் வேண்டும், ஆக்சிஜன் மெஷினுக்கு பிளக் வேண்டும். எலக்ட்ரீஷியன் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். அந்தச் சொல்லையே அவனால் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை. பிளாஸ்டிக் பைப், மூலையில் திருப்ப பெண்டு, கிளாம்ப், வயர் எல்லாம் வாங்கிவந்து காலையிலேயே தானே இறங்கிவிட்டான். சுவரை வெட்டிப் பதிக்க ஏது நேரம்? பைப்பைச் சுவரின் மேலாகவே ஓட்டினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. இங்கே இருக்கும்வரை மேலே இருக்க வேண்டியதில்லை. அப்பாவின் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு அவனால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. ஜன்னலைத் திறப்பான், மூடுவான். மாத்திரைகளை அடுக்குவான், கலைத்து மறுபடி அடுக்குவான்.

பைப்பை அறுத்தால் ஒரு விரற்கடை குறைந்தது. வேறொன்றை அறுத்தால் நீண்டது. மதியம் அக்கா கீழே வந்தபோது, சத்தம் அப்பாவுக்குத் தொந்தரவா என்று கேட்டான்.

"சத்தம் நின்னாத்தான் தொந்தரவு. ஏன் நிறுத்திட்டான், போய்ப் பாருன்னு என்னைத் துரத்துறார்."

படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "ஒரு தடவை மேல வந்துட்டுப் போயேன்."

இந்த பெண்டை மாட்டிவிட்டு வருவதாகச் சொன்னான். மாட்டினான். போகவில்லை.

வயரை இழுத்து முடித்தபோதுதான் சங்கடம் வந்தது. புது லைனைச் சேர்க்க மெயினை அணைக்க வேண்டும். அணைத்தால் மேலே மெஷின் நின்றுவிடும். சிலிண்டருக்கு மாற்றத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வேறு வழியில்லாமல் மேலே போனான். சாயங்காலம்வரை தாங்கும் என்று பார்த்து சிலிண்டரை மாட்டிவிட்டு, அறைக்கு வெளியே நடையில் இருந்த மெயினை அணைத்தான்.

மெஷினின் இரைச்சல் நின்றதும் வீடு திடீரென்று பெரிதானதுபோல் இருந்தது. தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்ட் போடுவதுகூடக் கேட்டது. அப்பா கண் திறந்தார்.

"முடிஞ்சுதா?"

"லைன் குடுக்கிறது மட்டும்தான் பாக்கி."

"உக்காரு."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். கால் தன்பாட்டுக்கு ஆடியது. அப்பா அவன் முழங்காலின் மேல் கையை வைத்தார். கனமே இல்லாத கை. கால் நின்றது.

"சுவிட்ச் எங்க வெச்சிருக்க?"

"கட்டில் தலைமாட்டுல, சுவத்துல."

"படுத்துக்கிட்டே எட்டுமா?"

அவனுக்குச் சுருக்கென்றது. எல்லா வீட்டிலும் இருப்பதுபோல, நின்றுகொண்டு போடும் உயரத்தில்தான் வைத்திருந்தான்.

"எட்டும்பா."

"ராத்திரி உங்களை எழுப்ப வேண்டாம் பாரு."

அவன் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் கையும் அங்கேயே இருந்தது. பிறகு அவரே கையை எடுத்து, போ என்பதுபோல் விரலை அசைத்தார்.

கீழே வந்து சுவிட்ச் பெட்டியைக் கழற்றினான். கரண்ட் இல்லாததால் டிரில் ஓடாது. உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து அடித்தான். சிமெண்ட் தூள் தலையிலும் புருவத்திலும் படிந்தது. நல்லவேளை, வயரை நீளமாகவே விட்டிருந்தான். ஒரு துண்டு பைப்பைச் சேர்த்துக் கீழே இறக்கி, லைனையும் சேர்த்து, பெட்டியைப் பொருத்தி, கடைசி ஸ்க்ரூவை முறுக்கும்போது பின்னால் அக்கா வந்து நிற்பது தெரிந்தது.

"எல்லாம் ஆச்சுக்கா. மெயினைப் போட்டுடு" என்றான் திரும்பாமல்.

அவள் மாடிக்குப் போகவில்லை.

"மெதுவாப் போட்டுக்கலாம்" என்றாள்.

ஸ்க்ரூவில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. பாதியில் விட்டால் பெட்டி ஆடும். அவன் கடைசிவரை முறுக்கினான்.

சிலிண்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன் என்று அக்கா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அக்கம்பக்கத்து ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, குறுகலான படியில் அப்பாவை எப்படித் திருப்பி இறக்குவது என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். கீழே எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்டதற்கு அவன் ஷெட்டைக் காட்டினான்.

பிறகு துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்கினான். தூள் எழுந்து, பெருக்கிய இடத்திலேயே இறங்கியது. மறுபடி பெருக்கினான். மறுபடியும். அக்கா வந்து துடைப்பத்தைப் பிடித்து நிறுத்தினாள். அவன் முடியில் இருந்த தூளைக் கையால் தட்டிவிடத் தொடங்கினாள்.

அவளுக்கு எட்டவில்லை. அவன் குனிந்துகொடுத்தான்.