கதவோரம் நின்ற எடுவிஜிஸ்

அந்தப் பாட்டு வானொலியில் முதன்முதலாக ஒலித்த செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எடுவிஜிஸின் கால்கள் அவள் வீட்டு வாசற்படியோடு ஒட்டிக்கொண்டன. வெனிசுவேலாவின் கிழக்குக் கரையில் இருக்கும் புவெர்ட்டோ அரினோவில் அன்றைக்கு வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. துறைக்கு மத்தி மீன் நிறைய வந்திருந்தது. ஒன்பதுக்குப் போன மின்சாரம் பத்துக்கு வந்திருந்தது. பாடியவள் எடுவிஜிஸின் ஒரே மகள் யோர்லெனிஸ். ஸ்பெயினில் மத்ரீதுக்குப் போய் ஆறு வருஷம் தட்டுக் கழுவியவள், பிறந்த மண்ணைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினாள். அது பிய்த்துக்கொண்டு போனது. "வருஷம் முழுக்கக் காய்க்கும் எங்க மாமரம்" என்று அதில் ஒரு வரி இருந்ததால் ஊர் மாமரங்கள் ஓய்வில்லாமல் காய்த்துத் தள்ளி, தெருவெல்லாம் பழம் அழுகி நாறியது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வரிதான் வினை: "கதவோரம் என் அம்மா, கண்ணெல்லாம் சாலையிலே."

இத்தனைக்கும் எடுவிஜிஸ் எவருக்காகவும் கதவோரம் நின்றவள் இல்லை. படகுத்துறையில் மாவுக்குள் மீன் வைத்து மடித்த எம்பனாடா பொரித்து விற்பாள். மத்தியானம் ஆண்களோடு உட்கார்ந்து டோமினோ ஆடி, ஜெயித்து, தோற்றவர்களைத் திட்டவும் செய்வாள். மகள் பெட்டியோடு பஸ் ஏறிய அன்றுகூட, அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் அடுப்பைவிட்டு அசையவில்லை. யோர்லெனிஸுக்கு அது ஆறாத புண். அதனால்தான் பாட்டிலாவது அம்மாவைக் கொண்டுபோய்க் கதவோரம் நிறுத்தினாள்.

பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். கொத்தனார் நிக்கனோர் படியையே பெயர்த்துப் பார்த்தார். படி வந்தது, கால் வரவில்லை, ஒரு சாண் உயரத்தில் அந்தரத்திலேயே நின்றது. படியைத் திரும்பவும் சிமென்ட் போட்டு வைத்தார்.

"போச்சு போ அக்கா, உன் மக உன்னைச் சிலையாக்கிட்டா. இனிமே டோமினோவுல நாங்களும் ஜெயிக்கலாம்."

"காயை இங்க தூக்கிட்டு வாடா. நின்னுக்கிட்டே உன் மானத்த வாங்குறேன்."

நிக்கனோர் தூக்கி வந்தார். ஆனால் அவள் கண் சாலையைவிட்டுக் காய்க்கு இறங்க மறுத்தது. அன்றைக்குத்தான் எடுவிஜிஸ் வாய்விட்டு அழுதாள்.

அந்த ஊரில் பிள்ளைகள் போனில் முதலில் ஆசி கேட்பார்கள். பெற்றவர்கள் ஆசீர்வதித்த பிறகுதான் மற்ற பேச்சு. மறுப்பது சாபத்துக்குச் சமம். யோர்லெனிஸ் கூப்பிட்டாள்.

"ஆசி கொடும்மா."

"மாட்டேன். முதல்ல என்னை அவுத்து விடு."

"அம்மா, அந்த வரியிலதான் எல்லாரும் அழறாங்க."

"அழட்டும். நான் துறைக்குப் போய்க் கடையத் திறக்கணும்டி. நீ போனப்ப வாசல்ல நிக்கல, தப்புதான். அதுக்கு ஆயுசு முழுக்கவா?"

ஆசி இல்லாமல் யோர்லெனிஸ் பதினோரு நாள் தூங்கவில்லை, குரலும் கட்டிப்போனது. கடைசியில் வரியை மாற்றிப் பதிவு செய்தாள்: "துறையோரம் என் அம்மா, கையெல்லாம் மாவு மணம்." எடுவிஜிஸின் இடது குதிகால் அரை அங்குலம் எழும்பியது, ஊரே கைதட்டியது. ஆனால் சனிக்கிழமை பெருவின் லிமாவில் நடந்த கச்சேரிக்கு, வெனிசுவேலாவைவிட்டு வந்தவர்கள் இருபதாயிரம் பேர் கூடியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு கதவும் ஒரு அம்மாவும் இருந்ததால், அவள் பாடிய புது வரியைக் காதில் வாங்காமல் பழைய வரியையே பாடினார்கள். குதிகால் பட்டென்று இறங்கியது.

பிப்ரவரியில் யோர்லெனிஸ் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். யாருக்காகக் காத்திருப்போ அவளே வந்துவிட்டால் காத்திருப்பு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். மாம்பழச் சேற்றில் வழுக்கி வழுக்கி அவள் நடந்து வந்தபோது, சாலை நெடுக அம்மாவின் பார்வை அவள்மேலேயே இருந்தது. வேலியைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்ததும், அந்தப் பார்வை அவளை விட்டுவிட்டு மறுபடி சாலைக்கே போனது.

"ஆசி கொடும்மா."

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் கண்ணு." எடுவிஜிஸ் கை நீட்டித் துழாவி மகளின் கன்னத்தைப் பிடித்தாள். "இளைச்சுட்டியேடி."

"நான் வந்துட்டேன்மா. என்னைப் பாரு."

"பாக்கணும்னு உசுரு துடிக்குது, முடியலடி. திரும்பிப் போய் அந்தச் சாலையில நில்லு."

யோர்லெனிஸ் திரும்பிப் போய்ச் சாலையில் நின்றாள். அம்மா அவளைக் கண்ணாரப் பார்த்தாள். இப்போது யோர்லெனிஸ் அந்தச் சாலையில்தான் எம்பனாடா கடை போட்டிருக்கிறாள். மாவு கெட்டியாகிவிட்டது, எண்ணெய் இன்னும் காயவில்லை என்று எடுவிஜிஸ் வாசலிலிருந்து நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கிறாள்.