ஐந்தாவது அறிவிப்பு

பலகையில் மூன்றாவது, கொசு மருந்து அடிக்கும் நாள். நான்காவது, பாரம்பரிய மாலை. ஐந்தாவது, வசந்தாமணியின் புருசன்.

சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில், ஒரு காலத்தில் தென்னந்தோப்பாக இருந்த இடத்தை வளைத்துச் சுவர் எழுப்பிக் கட்டியது அந்த 'சாரல் வனம் ரிசார்ட் இல்லங்கள்'. பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெற்றவர்கள் இங்கே வரிசை வரிசையாக ஓட்டு வீடுகளில் இருந்தார்கள். நீச்சல் குளம் உண்டு. இதுவரை அதில் இறங்கியது ஒரு நாரை மட்டும்தான். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் உள்ள கண்ணாடிப் பலகையில் அந்த மாதத்து நிகழ்ச்சிகளும் அறிவிப்புகளும் ஒரே தாளில் ஏறும்.

'5. வீடு எண் 17, திரு. தனபால் அவர்கள் 20-ம் தேதி கோவை முழுநேரப் பராமரிப்பு மையத்துக்கு மாற்றப்படுகிறார். வாழ்த்தி வழியனுப்புவோம்.'

'6. தம்போலா. பரிசுகள் உண்டு.'

வசந்தாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். எழுத்து மாறவில்லை.

தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தனபாலுக்கு இடுப்பு எலும்பு போய்விட்டது. நாமக்கல்லில் ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்து குளியலறை வரைக்கும் போவார். அதற்கு மேல் முடியாது. சாப்பாட்டுக் கூடத்துக்குத் தானாக நடந்து வர முடியாதவர்கள் இங்கே குடியிருக்கக் கூடாது என்பது சாரல் வனத்து விதி. கோவை மையத்தில் நோயாளிக்கு மட்டும்தான் இடம். மனைவிக்குக் கிடையாது.

நேராக ஆபீசுக்குப் போனாள். மேனேஜர் ஜெகதீஸ்வரன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரன். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். நல்ல பையன்தான். நல்ல பையன்கள் செய்கிற காரியத்தைத்தான் தடுப்பது கஷ்டம். மோர் வரவழைத்துக் கொடுத்தான். எல்லாம் சாருடைய நன்மைக்குத்தான் என்றான். சார் சம்மதித்து மெயில் அனுப்பிவிட்டார் என்றும் சொன்னான்.

"எந்த சாருங்க?"

"உங்க பையன், மேடம்."

மோரைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

பெங்களூரில் இருந்த மகன் நவநீதகிருஷ்ணன் போனில் பொறுமையாகத்தான் பேசினான். அப்பா மறுபடி விழுந்தால் அம்மாவால் தூக்க முடியுமா என்று கேட்டான். மாதம் இரண்டு முறை காரில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றான். வசந்தாமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"கண்ணு, உங்கொப்பன் ரிக் வண்டியோட மத்தியப் பிரதேசம் போனா எட்டு மாசம் கழிச்சு மழைக்குத்தான் திரும்பி வருவாரு. இருவது வருசம் அப்படித்தான் ஓடுச்சு. தனியாப் படுக்கறது எனக்கு அப்பவே போதும் போதும்னு ஆயிப்போச்சு. இனி முடியாது."

ஊர் ஊராகப் போர்வெல் போட்ட மனுசன் கட்டிலில் சாய்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோயமுத்தூர் என்றால் சிறுவாணித் தண்ணி, ஆயிரம் அடி துளைத்தாலும் அந்த ருசி கிடைக்காது என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் வசந்தாமணி முடிவு செய்தாள்.

ஐந்தாவதைத் தடுக்க நான்காவதுதான் வழி.

நான்காவது, பாரம்பரிய மாலை. தோப்பை வாங்கியபோது அதோடு சேர்ந்து வந்த ஒரு சின்ன மாரியம்மன் கோயில் வளாகத்துக்குள் இருந்தது. அதைச் சுற்றிப் புல்தரை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். அங்கே மாரியம்மன் நோன்புக்கு நடுவது போலக் கம்பம் நட்டு, மேளம் வைத்து, பெரியவர்கள் பட்டுச் சேலை வேட்டியோடு நிற்பதைப் படம் எடுத்து விளம்பரப் புத்தகத்தில் போட வேண்டும் என்பது ஜெகதீஸ்வரனின் திட்டம். சேலத்து அலங்காரக் கடையில் மஞ்சள் பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் குழாய்க் கம்பத்துக்குச் சொல்லியும் விட்டான்.

அடுத்த நாள் காலை வசந்தாமணி மறுபடி ஆபீசுக்குப் போனாள். இந்த முறை மோரைக் குடித்தாள்.

"தம்பி, பிளாஸ்டிக்குக் குழாய் போட்டோவுல பல்லை இளிச்சுக் காட்டிருமே. காளியப்பன் பூசாரிகிட்டச் சொல்லி நெசக் கம்பமே வெட்டியாரச் சொல்லட்டுங்களா?"

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரிஜினலாகவே இருக்கட்டும் மேடம் என்றான். மேடம் கோபத்தில் இருப்பார் என்று நினைத்தவனுக்கு மனசு நிம்மதி.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சிற்றூரில்தான் பூசாரி காளியப்பன் வீடு. அம்மனுக்குப் பரம்பரையாகப் பூசை செய்கிறவர். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"அம்மிணி, நெசக் கம்பம் நட்டா நெசமாவே நடந்துக்கோணும். காப்புக் கட்டினா காப்புத்தான். வெளையாட்டுக்கு நான் வரமாட்டேன்."

"வெளையாட்டுன்னா உங்களைத் தேடி வருவனுங்களா?"

பூசாரி அவளை உற்றுப் பார்த்தார். ரிசார்ட்டுக்காரர்கள் கேட்டைப் பூட்டியதிலிருந்து மூன்று வருசமாக அம்மனுக்குக் கம்பம் இல்லை என்று முனகிக்கொண்டே அரிவாளைத் தேடப் போனார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மூன்று கிளை பிரிந்த வேப்பங்கட்டையைப் பட்டை உரித்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, குழியில் பால் ஊற்றி நட்டார்கள். மேளம் அதிர்ந்தது. போட்டோக்காரன் புல்தரையில் படுத்தெல்லாம் படம் எடுத்தான். காளியப்பன் கம்பத்துக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிவிட்டு, கை நீட்டியவர்களுக்கெல்லாம் கட்டினார். சமையல்காரர் நீட்டினார். வாட்ச்மேன் நீட்டினார். ஒன்பதாம் வீட்டுச் சின்னண்ணன், கோழிப்பண்ணை வைத்திருந்தவர், மனைவியோடு நீட்டினார். போட்டோக்காரன் கேட்டான் என்று ஜெகதீஸ்வரனும் வாட்சைக் கழற்றிவிட்டு நீட்டினான். சக்கர நாற்காலியில் தனபாலைத் தள்ளிக்கொண்டு வந்த வசந்தாமணி, அவர் கையைத் தூக்கிப் பிடித்தாள்.

பிறகு காளியப்பன் கம்பத்தைத் தொட்டுக்கொண்டு உரத்த குரலில் சொன்னார்:

"காப்புக் கட்டியாச்சு. கம்பம் புடுங்கற வரைக்கும் எல்லைக்குள்ள இருக்கறவங்க யாரும் வெளியூர்ல ராத் தங்கப்படாது. போனவங்க பொழுது சாயத் திரும்பிரோணும்."

ஜெகதீஸ்வரன் கைதட்டினான். நிகழ்ச்சியில் இதுவும் ஒரு வசனம் என்று நினைத்தான்.

வீட்டுக்குக் கிளம்பலாம் என்று காரை எடுத்தவனிடம் வாட்ச்மேன்தான் கேட்டைத் திறக்காமல் விஷயத்தைச் சொன்னார். அவன் சிரித்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டான். சென்னியம்மாள், வருசா வருசம் கம்பம் நடுகிற பள்ளிபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். மகன் வேடிக்கையாகச் சொன்னதை அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கையில காப்போட எல்லை தாண்டி வந்து, எம்பட பேரன் மேல ஆத்தா அம்மையா எறங்கினா நீ பொறுப்பாவியா? அங்கியே கெட. துணி குடுத்து உடறேன்."

அன்றிலிருந்து மேனேஜருக்கு விருந்தினர் அறையில்தான் படுக்கை.

இருபதாம் தேதி காலையில் ஆம்புலன்ஸ் வந்து பதினேழாம் வீட்டு முன்னால் நின்றது. ஓட்டி வந்த நவீன்குமார், நாமக்கல் பக்கத்துப் பையன், ஸ்ட்ரெச்சரை இறக்கினான். உள்ளே போய்த் தனபாலின் கையைப் பிடித்தவன் சட்டென்று விட்டான். வெளியே வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். கம்பம் எங்கே நட்டிருக்கிறது என்று கேட்டான்.

"காப்புக் கட்டின ஆளை நான் ஏத்தமாட்டனுங்க."

ஜெகதீஸ்வரன் குறுக்கே வந்தான். தம்பி, அது போட்டோவுக்காக நட்டது, திருவிழாவெல்லாம் இல்லை என்று விளக்க ஆரம்பித்தான். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். வசந்தாமணி படியிறங்கி வந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"போட்டோவுக்குத்தானே தம்பி? அப்ப உங்க கையில இருக்கறதை இப்ப அவுத்துப் போடுங்க. இன்னிக்கி ராத்திரி உங்க ஊட்டுக்குப் போய்ப் படுங்க. நான் இவரை என் கையாலேயே வண்டியில ஏத்தி உடறேன்."

ஜெகதீஸ்வரனின் விரல் மணிக்கட்டு முடிச்சுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அந்தக் கம்பம் யாருன்னு தெரியுமுங்களா? அம்மனுக்குப் புருசன். அவ புருசனை நடுவாசல்ல நட்டு வெச்சுட்டு எம்பட புருசனைத் தூக்கிட்டுப் போவீங்களா?"

உள்ளேயிருந்து தனபாலின் குரல் வந்தது. வந்த பையனுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்து அனுப்பச் சொல்லி. நவீன்குமார் டீயைக் குடித்து, கம்பத்தைக் கும்பிட்டுவிட்டு, காலி வண்டியோடு போனான்.

ஜெகதீஸ்வரன் கிளம்பும்போது தணிந்த குரலில் கேட்டான்.

"பதினஞ்சாம் நாள் கம்பத்தைப் புடுங்கிருவாங்களே மேடம். அப்பறம்?"

"அது வரைக்கும் ஆத்தா பாத்துக்குவா. அதுக்கப்பறம் நான்."

சொல்லிவிட்டாளே தவிர, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அவளுக்கே தெரியாது. தினமும் காலையில் பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றினார்கள். பலகையில் போட்டிருந்த சிரிப்பு யோகாவுக்கு அந்த மாதம் ஆள் இல்லை. சொல்லிக்கொடுக்க வந்த பெண் தனியாகச் சிரித்துப் பார்த்துவிட்டு அவளும் ஒரு குடம் ஊற்றினாள். குடத்தோடு வரிசையில் நிற்கும்போது வசந்தாமணி ஒவ்வொருவரிடமும் ஐந்தாவது அறிவிப்பைப் பற்றிப் பேசினாள். பாவம்தான் என்றார்கள். என்ன செய்வது என்றார்கள். சின்னண்ணன் மட்டும் ஒளிக்காமல் சொன்னார்.

"விதின்னா விதிதான் அம்மிணி. கையெழுத்துப் போட்டுத்தானே எல்லாரும் வந்தோம்."

"ஆமாங்கண்ணா. அக்காளுக்கு முட்டி வலி இப்ப எப்படிங்க இருக்குது?"

சின்னண்ணன் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலடிக்கு ஒரு முறை நின்று நின்று வந்துகொண்டிருந்தார். சாப்பாட்டுக் கூடம் அவர்கள் வீட்டிலிருந்து இன்னும் தூரம். சின்னண்ணன் போய்க் குடத்தை வாங்கிக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் கம்பத்தைப் பிடுங்கி, தோப்புக் காலத்துப் பழைய கிணற்றில் விட்டார்கள். காப்பை அவிழ்த்தார்கள். ஜெகதீஸ்வரன் முதல் ஆளாக அவிழ்த்தான். காரைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனவன், மறுநாள் காலையிலேயே கோவையிலிருந்து வேறொரு ஆம்புலன்ஸை வரச் சொல்லியிருந்தான். அந்த ஓட்டுநருக்குக் கம்பமும் தெரியாது, காப்பும் தெரியாது.

வசந்தாமணி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தனபாலின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தூக்க வந்தால் தன்னையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் அவளிடம் திட்டம் இல்லை. வண்டிச் சத்தம் கேட்டது. கூடவே தட்டுச் சத்தமும் கேட்டது.

எழுந்து வந்து பார்த்தாள். வாசலில் சின்னண்ணன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. அவர்களுக்குப் பின்னால் பாதை நெடுக நாற்காலிகள், தட்டுகள், சாரல் வனத்து ஆட்கள் எல்லாரும். சமையல்காரர் இட்லிக் குண்டாவைத் தள்ளுவண்டியில் வைத்துப் பரிமாறிக்கொண்டு வந்தார். ஆம்புலன்ஸ் நடுவில் நகர வழியில்லாமல் நின்றது.

ஜெகதீஸ்வரன் ஓடி வந்தான். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு ஈ கூட இல்லை, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டான். சின்னண்ணன் சட்னியை வழித்து வாயில் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்து வராதவங்களை அனுப்பறதுதானே விதி? இன்னிக்கி நாங்க ஒருத்தரும் நடந்து வரலீங்க. நாளைக்கும் வரமாட்டோம். எல்லாரையும் ஏத்துங்க. வண்டி பத்தாது, இன்னும் நாலு சொல்லுங்க."

யாரோ பின்னாலிருந்து, எனக்கு ஜன்னல் சீட்டு வேணும் என்றார்கள். சிரிப்பு யோகாவில் கூட இப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை.

வசந்தாமணி மகனுக்கு வீடியோ கால் போட்டு, போனைத் திருப்பி அந்த வரிசையைக் கடைசி வரைக்கும் காட்டினாள். நவநீதகிருஷ்ணன் கடைசி நாற்காலி வரைக்கும் பார்த்தான். அப்பாவுக்குப் பகலில் ஒரு ஆள் வைக்க ஒத்துக்கொள்வாயா என்று கேட்டான். அதற்கு ஒத்துக்கொள்கிறேன் என்றாள். சம்மதம் இல்லை என்று ஆபீசுக்கு மெயில் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தான்.

ஜெகதீஸ்வரன் வரிசையைப் பார்த்தான். கையில் பழக்கத்தில் காப்பைத் தேடித் தடவினான். வெறும் மணிக்கட்டுதான் இருந்தது. கடைசியில் ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் போய், பின்னால் எடுத்துத் திருப்பிக்கொள்ளச் சொன்னான்.

அடுத்த மாதம் முதல் தேதி, பலகையில் புதுத் தாள் ஏறியது. வசந்தாமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தாள். ஒன்று, சித்திரைக்கனி. இரண்டு, கண் பரிசோதனை முகாம். மூன்று, கொசு மருந்து. நான்கு, 'நடக்க இயலாதவர்களுக்கு உணவு வீட்டுக்கே அனுப்பப்படும்.' அதற்கு அடுத்து ஆறு, தம்போலா. அவசரத்தில் எதையோ அழித்தவர்கள் எண்ணைத் திருத்த மறந்திருந்தார்கள். ஏழு, 'இனிவரும் ஆண்டுகளில் பாரம்பரிய மாலைக்கு வண்ணக் குழாய்க் கம்பம் மட்டுமே பயன்படுத்தப்படும்.'

வீட்டுக்கு வந்து புருசனிடம் அப்படியே ஒப்பித்தாள். தனபால் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டவர் நிறுத்தினார்.

"அஞ்சு எங்க காணோம்?"

"அஞ்சு இங்க கட்டில்ல உக்காந்து ரெண்டாவது டீ கேட்டுக்கிட்டிருக்குது" என்றாள் வசந்தாமணி. "குழாய்க் கம்பம் நடறாங்களாமா. நடட்டும். அடுத்த பங்குனிக்கு வேம்பு எங்க இருக்குதுன்னு காளியப்பன் இப்பவே பாத்து வெச்சுட்டாரு."